ஆணியில் தொங்கும் ரொட்டி

ராஜபாளையம்,
வியாழக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமானவரும், ஈஸ்டர் அன்றிலிருந்து என்மேல் கோபமாயிருப்பவருமான மச்சான் இன்பம் அவர்களுக்கு, உம் தங்கை செலினாவின் கணவனும் முன்னாள் ஸ்பின்னிங் மில் மேஸ்திரியுமான தேவஇரக்கம் எழுதிக்கொண்டது. இங்கே கிருபையால் நானும் உம் தங்கையும் சுகம். வயிறு மட்டும் எனக்கு இன்னும் சரியாகவில்லை, அதன் காரணம் கீழே வரும். அங்கே நீரும் உம் வீட்டுக்காரி தங்கச்சி ஜூடியும் சுகமாயிருக்க வேண்டுகிறோம். உம் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? அதற்கு ஒன்றுமே இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த முழங்காலுக்காக ஒரு தேசமே வேண்டிக்கொண்டிருப்பதால் விசாரிப்பது என் கடமை. இந்தா இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு கடிதமா என்று தபால்காரர் கண்ணுச்சாமி கேட்கத்தான் செய்வார். உம்மோடு போனில் பேச மாட்டேன் என்று நான் சொன்னது சொன்னதுதான். கடிதம் எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை.

முதலில் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நீர் உமக்குச் சாதகமாக மாற்றிச் சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்வி. நாம் நாலு பேரும் பரிசுத்த பூமிக்குப் போவதாக இருந்தது. அங்கே சண்டை, இப்போதைக்கு யாரையும் கூட்டிப்போக முடியாது என்று டிராவல்ஸ்காரர் கையை விரித்தார், வேண்டுமானால் வேறு தேசத்துக்கு மாற்றித் தருகிறேன் என்றார், எங்கள் மகள் ஷெரின் சென்னையில் உட்கார்ந்தபடியே நாலு பேருக்கும் உஸ்பெகிஸ்தான் என்று மாற்றிவிட்டாள். ஈஸ்டர் அன்று கோவில் முடிந்து எங்கள் வீட்டில் இலை போட்டு உட்கார்ந்திருக்கும்போது அவளே போனில் இந்தச் செய்தியைச் சொன்னாள். உடனே நீர், "ஏன் மாப்ளே, பைபிள்ல பேரே இல்லாத ஊருக்கு நான் எதுக்கு வரணும்?" என்று கேட்டீர். நான், "ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்தான் பைபிள்ல இல்ல. அங்க நீரு வீடு கட்டிக் குடியிருக்கலையா மச்சான்?" என்றேன். முதலில் சிரித்தது உம் தங்கை, பொறவு ஜூடி, கடைசியாகத்தான் நான். நீர் ஆட்டுக்கறியைப் பாதியில் விட்டு, பாயசத்தைத் தொடாமல், இலையைக்கூட மூடாமல் எழுந்து, "இனிமே இந்த வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சொல்லி, ஈரக்கையோடு போய் ஆட்டோவில் ஏறினீர். உம் இரண்டு டிக்கெட்டையும் ரத்து செய்யச் சொன்னீர். இதில் என் தப்பு எங்கே இருக்கிறது என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன், அம்புட்டுத்தான்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு ருசியாக இல்லை. ஒரு வாரம் உம் வீடு, ஒரு வாரம் எங்கள் வீடு என்று நாம் சாப்பிட்டுப் பழகியது என்ன இன்று நேற்றா? இப்போது நான் ஒருத்தன் உட்கார்ந்து எலும்பைக் கடித்தால் அந்தச் சத்தம் எனக்கே கேட்கிறது. உம் தங்கைக்கும் சமையலில் கை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஏனோதானோ என்று ஆக்குகிறாள். புதன்கிழமை நான் மில் ஓய்வு பெற்றோர் சங்கத்துக்குப் போகிற அன்றைக்கு மட்டும் மீன் குழம்பு வாசம் தெருமுனை வரை வரும், ஆனால் நான் திரும்பி வந்து சட்டியைத் திறந்தால் மண்டை மட்டும் கிடக்கும். கேட்டால், "மீன் சிறுசுங்க, கரைஞ்சு போச்சு" என்கிறாள். துக்கத்தில் இருக்கிறவளை அதற்கு மேல் என்ன கேட்க?

சரி, பயணத்துக்கு வாரேன். நானும் செலினாவும் தாஷ்கண்ட் போய் இறங்கினோம். நோதிரா என்று ஒரு வழிகாட்டிப் பெண், நல்ல பிள்ளை, ஆங்கிலம் தண்ணீர் மாதிரி பேசுகிறாள். எங்களைப்போல் பல ஊர்க்காரர்கள் ஒரு பஸ் நிறைய. அவள் கையில் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்டாள். தேவஇரக்கம், இருக்கிறேன். செலினா, இருக்கிறேன். அடுத்து, "மிஸ்டர் இன்பம்?" என்றாள். எனக்குத் திக்கென்றது. உம் டிக்கெட்டைத்தான் ரத்து செய்தார்களே தவிர உம் பெயரை யாரும் அடிக்கவில்லை. வரவில்லை என்று சொன்னேன். தலையாட்டினாள். மறுநாள் காலை பஸ்ஸில் ஏறியதும் திரும்பவும், "மிஸ்டர் இன்பம்?" பாவம், அவளுக்கு அலுவலகத்திலிருந்து தினமும் புதிதாகப் பட்டியல் வரும், அதில் தினமும் நீர் இருப்பீர். சாப்பாட்டு மேசையில் உமக்குத் தட்டு, ஓட்டலில் உமக்கு அறைச்சாவி, பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கையில் உம் பெயர் ஒட்டிய சீட்டு. இன்பம் வந்தாரா, இன்பம் எங்கே என்று பஸ்ஸே கேட்க ஆரம்பித்தது. ஈஸ்டர் சாப்பாட்டில் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று சொன்னால் நம் குடும்ப மானம் போய்விடும் என்று உம் தங்கை, "அண்ணனுக்குக் காய்ச்சல்" என்று சொல்லிவைத்தாள். ஞாயிறு பள்ளியில் பொய் சொல்லக்கூடாது என்று பாடம் எடுக்கிறவள். தாஷ்கண்ட் சந்தையில் கேரட்டைச் சீவி மிளகாய்ப்பொடி போட்டு ஊறவைத்து விற்கிற ஒரு கொரியாக்காரம்மா இருந்தாள். அவள் பாட்டன் காலத்தில் அவர்களை ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்து அங்கே இறக்கிவிட்டார்களாம். சொந்த ஊர் முட்டைக்கோஸ் கிடைக்காமல் கேரட்டில் ஊறுகாய் போட்டு, அதுவே இப்போது அந்த ஊர்ச் சாப்பாடாகிவிட்டது. இந்தக் கதையை நோதிரா எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு, பதிலுக்கு உம் காய்ச்சல் கதையையும் அந்த அம்மாவிடம் சொல்லிவைத்தாள். அந்த அம்மா காய்ச்சலுக்கு நல்லது என்று உமக்காக ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். அதை நான் தின்றேன். காரம் நன்றாக இருந்தது.

அடுத்தது சமர்கந்து. இந்த இடத்தை நீர் நின்றுகொண்டு படித்தால் உட்கார்ந்துகொள்ளும். நீலக் கூரைகளும் பெரிய பெரிய வளைவு வாசல்களும் பார்த்து முடித்துக் கழுத்து வலியோடு நிற்கையில், இனி தீர்க்கதரிசி தானியேலின் கல்லறைக்குப் போகிறோம் என்று நோதிரா சொன்னாள். எந்த தானியேல் என்றேன். சிங்கக் கெபியில் போட்ட தானியேல் என்றாள்! மச்சான், நீர் பைபிளில் பெயர் இல்லாத ஊர் என்று சொன்னீரே, அந்த ஊரில் பைபிள்காரரே படுத்திருக்கிறார். அவர் உடல் வளர்ந்துகொண்டே இருப்பதாக அந்த ஊரார் நம்பி, கல்லறையையும் நீட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். நம்ம டவுன் பஸ்ஸைவிட நீளம், மேலே வெல்வெட் துணி. வளர்கிறது கிளர்கிறது என்பதெல்லாம் நாம் ஒத்துக்கொள்ளுகிற விஷயம் இல்லை, வேறு ஊர்க்காரர்களும் தங்களிடம்தான் தானியேல் இருக்கிறார் என்கிறார்களாம், அதெல்லாம் இருக்கட்டும். எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேளும். ஜெயித்துவிட்டேன் என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. "பாத்தீரா மச்சான்!" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு பக்கத்தில் திரும்பினேன். அங்கே ஒரு நாக்பூர்க்காரர் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். நீர் வந்திருந்தால் முன்பல் இடைவெளி தெரிய வாயைப் பிளந்துகொண்டு நின்றிருப்பீர், அதை நான் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டியிருப்பேன். ஜெயித்ததைச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் ஜெயித்து என்ன பிரயோஜனம்? எனக்கு அழுகை வந்தது. கல்லறைக்கு முன்னால் அழுததால் ரொம்ப பக்திமான் என்று நினைத்து எல்லோரும் எனக்கு வழிவிட்டார்கள். அவர் மச்சானுக்கு என்ன ஆயிற்று என்று யாரோ கேட்க, உம் தங்கை காய்ச்சலைவிடப் பெரிதாக ஏதாவது வேண்டுமே என்று, "முழங்கால்ல ஆபரேஷன்" என்று சொல்லிவிட்டாள். பஸ்ஸில் ஏறியதும் ஆளாளுக்கு உம் முழங்காலைப் பற்றிப் பேசினார்கள்.

அங்கிருந்து புகாரா போகும் வழியில் இரண்டு பக்கமும் பஞ்சுக் காடு. நான் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு காயைப் பறித்து, பஞ்சை விரலில் இழுத்து இழை நீளம் பார்த்தேன். தோட்டக்காரர் மண்வெட்டியோடு ஓடி வந்தார். பொறவு நான் இழுக்கிற லட்சணத்தைப் பார்த்துத் தொழில்காரன் என்று தெரிந்துகொண்டு, அவரும் ஒன்றைப் பறித்து இழுத்துக் காட்டினார். செத்த நேரம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை புரியாமல் பஞ்சு இழுத்துக்கொண்டு நின்றோம். பயணத்தில் எனக்கு வாக்குவாதமே வராமல் ஓடிய பேச்சு அது ஒன்றுதான்.

கடைசியாகப் புகாரா. முதல் வேலையாக எங்களைக் கூட்டிப்போன இடம் எது என்று நினைக்கிறீர்? யோபு கிணறு! யோபு வந்து கோலால் தரையைத் தட்ட ஊற்று வந்ததாம். தண்ணீர் குடித்தேன், நம்ம அய்யனார் கோவில் அருவித் தண்ணீருக்குப் பக்கத்தில் வராது. இருந்தாலும் யோபு யோபுதான், கணக்கில் எனக்கு இரண்டாவது வெற்றி. அந்த ஊர்க்காரர்கள் பலரும் வீட்டுக்குள் தாஜிக் பேசுகிறார்கள், வெளியே வந்தால் உஸ்பெக். நோதிரா இதை அதிசயமாகச் சொன்னாள். எனக்கு அதிசயமே இல்லை. எங்கள் எதிர்வீட்டு சூர்யபிரகாஷ் ராஜா வீட்டுக்குள்ளே தெலுங்கில் சண்டை போட்டுவிட்டு வாசலுக்கு வந்து தமிழில் நம்மிடம் நியாயம் கேட்கிறவர்தானே.

அங்கே ஒரு குடும்பத்தில் எங்களைத் தங்கவைத்தார்கள். சபோகத் என்று வீட்டுக்கார அம்மா, எங்கள் வயதுதான் இருக்கும், அவரும் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். கோப்பையில்கூடப் பஞ்சுக் காய் படம். சந்தோஷமாக உட்கார்ந்தேன். மேசையில் நாலு தட்டு, ஒன்று உமக்கு, ஒன்று ஜூடிக்கு. டீ ஊற்றினார், பார்த்தால் அரைக்கோப்பை. எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு தூரம் வந்தவனுக்கு அரைக்கோப்பையா? நம் வீட்டில் பழைய பேப்பர் வாங்க வருகிறவருக்கும் தளும்பத் தளும்பக் கொடுக்கிறோமே என்று நினைத்து, நிறைய ஊற்றச் சொல்லிக் கையைக் காட்டினேன். அந்த அம்மா முகம் வாடிவிட்டது. நோதிரா என் காதில் சொன்னாள், அரைக்கோப்பை என்றால் இன்னும் இரும், திரும்பத் திரும்ப ஊற்றுகிறேன் என்று அர்த்தமாம். முழுக்கோப்பை கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பும் என்று அர்த்தமாம். நானே என்னை வெளியே போகச் சொல்லியிருக்கிறேன். அதன்பிறகு பிராயச்சித்தமாக அரை அரையாகக் குடித்ததில் ராத்திரி தூக்கம் போயிற்று.

இது போதாதென்று கிளம்புகிற காலையில் பெரிய கூத்து. பஸ் வாசலில் நிற்கிறது. சபோகத் அம்மா தாம்பாளம் அகலத்துக்கு ஒரு ரொட்டியைக் கொண்டுவந்து என் வாய்க்கு நேரே நீட்டிக் கடிக்கச் சொன்னார். ஒரு வாய் கடித்தேன். உடனே கையை நீட்டி ரொட்டியைத் திருப்பிக் கேட்டார். நான் கொடுப்பேனா? நான் கடித்த எச்சில் ரொட்டியை ஒரு கண்ணியமான வீட்டில் விட்டுவிட்டுப் போகிற வளர்ப்பா நமக்கு? வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு இன்னொரு வாய் கடித்தேன். அவர் இழுத்தார். நான் விடவில்லை. அவர் வீட்டுக்காரர் வந்து ஏதோ சொன்னார், சாப்பிடச் சொல்லி உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து வேகமாகத் தின்றேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டார். உம் தங்கை, "ஏங்க, செத்துக்கித்துப் போயிராதீங்க" என்று முதுகைத் தடவினாள். கடைசித் துணுக்கையும் விழுங்கி, வெறுங்கையை விரித்துக் காட்டி, எச்சில் வைக்கவில்லை பார்த்தீர்களா என்று பெருமையாக நிமிர்ந்தேன். அந்த அம்மா முந்தானை மாதிரி இருந்த துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நோதிராதான் என்னைச் சமையலறைக்குள் கூட்டிப்போனாள். சுவரில் ஆணி அடித்து ஒரு ரொட்டி தொங்கியது. காய்ந்து கல்லாகிக் கிடந்தது, ஓரத்தில் ஒரு கடி. அவர்கள் மகன் கடித்ததாம். வேலைக்கு ரஷ்யா போயிருக்கிறான். அங்கே வழக்கம் அதுதானாம் மச்சான், தூரம் போகிறவன் ரொட்டியில் ஒரு கடி கடித்து வைத்துவிட்டுப் போவான், வீட்டார் அதை மாட்டிவைத்துக் காத்திருப்பார்கள், மிச்சத்தைத் தின்ன அவன் திரும்பி வந்தே ஆகவேண்டும். நான் என்ன செய்தேன் என்றால் முழுசையும் தின்று, இனி உங்கள் வீட்டுப் பக்கம் வரவே மாட்டேன் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. இன்னொரு ரொட்டி கொண்டுவரச் சொல்லி, வயிற்றில் இடமே இல்லாமல் ஒரு கடி கடித்துக் கொடுத்தேன். உம் தங்கையும் கடித்தாள். அந்த அம்மா அழுகையோடு சிரித்து, எங்கள் ரொட்டியை மகனுடைய ரொட்டிக்குப் பக்கத்தில் மாட்டினார்.

பொறவு மூன்றாவதாக ஒரு ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். "மிஸ்டர் இன்பம்" என்றார். தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை, உம் பெயர் மட்டும் அந்த அம்மாவுக்குத் தெளிவாக வந்தது. இந்தத் தடவைதான் வரமுடியவில்லை, முழங்கால் குணமானதும் அவரைக் கடிக்கச் சொல்லி உங்கள் வீட்டில் மாட்டுங்கள், வருவார் என்று நோதிரா மொழிபெயர்த்தாள். இரண்டு உள்ளங்கையையும் விரித்து உம் முழங்காலுக்காக வேண்டிக்கொண்டு, முகத்தைத் தடவிக்கொண்டார். நானும் செலினாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பஸ்ஸில் ஏறினோம்.

அந்த ரொட்டி விமானம் ஏறி மதுரை வந்து, போன வாரம் ராஜபாளையமும் வந்து சேர்ந்துவிட்டது. எங்கள் சமையலறையில் காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. பால் ஊற்ற வருகிற மாரிச்செல்வி, "திருஷ்டிக்கா கட்டியிருக்கீய? பூசணிக்காய் கிடைக்கலையா?" என்று கேட்டாள். நேற்று சங்கக் கூட்டத்தில் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன், எல்லோரும் தானியேலை விட்டுவிட்டு ரொட்டியைப் பற்றியே கேட்டார்கள்.

ராத்திரி படுத்து யோசித்தேன். ஈஸ்டர் அன்று நீர் இலையைப் பாதியில் விட்டு எழுந்தது என்னை அவமானப்படுத்தத்தான் என்று இத்தனை மாதமும் நினைத்திருந்தேன். இப்போது புகாரா வழக்கப்படி பார்க்கிறேன். கறியில் பாதி மிச்சம், பாயசம் முழுசும் மிச்சம், இலையை நீர் மூடவும் இல்லை. அந்த ஊரில் இதற்கு அர்த்தம் ஒன்றே ஒன்றுதான், திரும்பி வருவேன் என்று நீரே எழுதிக்கொடுத்த மாதிரி. ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்து ஜூடியையும் கூட்டிக்கொண்டு வாரும். தப்பு உம்முடையதுதான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் தப்பு செய்தவர்கள் சாப்பிடக்கூடாது என்று எந்தச் சட்டமும் கிடையாது. நீர் இல்லாமல் எனக்கு ஊரும் நன்றாக இல்லை, உலகமும் நன்றாக இல்லை. இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் சொல்லுகிறேன். வாசப்படி மிதிக்க மாட்டேன் என்ற சொல் உமக்குக் குறுக்கே நின்றால், படிமேல் பலகை போட்டுவைக்கிறேன், அதன்மேல் நடந்து வாரும்.

உமக்கும் ஜூடிக்கும் சர்வ சரீர சுகமும், குறிப்பாக முழங்கால் பலமும் கிடைக்க எங்கள் ஜெபம். யோபின் பொறுமை உமக்குக் கொஞ்சம் வாய்க்கட்டும், எனக்கு ஏற்கெனவே இருக்கிறது.

இப்படிக்கு,
உம் பாசமுள்ள,
தேவஇரக்கம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை இல்லை என்று ஒரு சோற்றுப் பருக்கை எடுக்கச் சமையலறைக்குப் போனேன். ஆணியில் தொங்குகிற ரொட்டியைத் தற்செயலாகத் திருப்பிப் பார்த்தால், சுவர்ப் பக்கம் ஒரு கடி! "எலியா இருக்கும்" என்கிறாள் உம் தங்கை. கடியின் நடுவில் ஒரு வரி ரொட்டி அப்படியே நிற்கிறது. எந்த எலிக்கு முன்பல்லில் அந்த மாதிரி இடைவெளி இருக்கிறது? கிடுக்கிப்பிடி போட்டதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். புதன்கிழமைதோறும் நான் சங்கத்துக்குப் போனதும் நீர் பஸ் ஏறி வருகிறீராம். ஈஸ்டர் அன்று சாயங்காலம் நான் தூங்கும்போதே வந்து மிச்சக் கறியையும் பாயசத்தையும் முடித்துவிட்டுத்தான் போனீராம். மீன் கரைந்த இடமும் தெரிந்துவிட்டது. வாசப்படி மிதிக்க மாட்டேன் என்றாரே என்று கேட்டேன். "மிதிக்கலையே, அண்ணன் பின்வாசல் வழியாத்தான வருதாவ" என்கிறாள். மச்சான், கையில் கிடைத்ததைத் துடைத்துச் சாப்பிடுகிற நீர், இந்த ரொட்டியை மட்டும் ஒரு கடியோடு விட்டுவைத்திருக்கிறீர். அதைப் பார்த்தபிறகு உம்மேல் கோபப்பட எனக்கு வரவில்லை. மிச்சம் அப்படியே தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை முன்வாசல் வழியாக வாரும், பின்வாசலுக்கு இப்போதுதான் பூட்டுப் போட்டேன்.